ஸ்டீபன் கிங் முதல் பதிப்புகளைச் சேகரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1974 ஏப்ரலில் அமெரிக்காவின் டபுள்டே பதிப்பகம் ‘கேரி’ என்ற நாவலை 5.95 டாலர் விலையில் வெளியிட்டது. எழுதியவர் மேய்ன் மாநிலத்துப் பள்ளி ஆங்கில வாத்தியார். முன்பணம் 2,500 டாலர். கெட்டி அட்டையில் விற்றது 13,000 பிரதிகள் மட்டுமே. பேப்பர்பேக் உரிமை 4 லட்சம் டாலருக்குப் போன பிறகுதான் ஸ்டீபன் கிங் வாத்தியார் வேலையை விட்டார். அந்த 5.95 டாலர் புத்தகத்தை மேலுறையோடு (கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் தாள் உறை) நல்ல நிலையில் வாங்க இன்று ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும்.

ஆனால் இணையத்தில் ‘கேரி முதல் பதிப்பு’ என்று தேடினால் முப்பது, நாற்பது டாலருக்கும் வரிசையாக வந்து விழும். விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்றில்லை. தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்த புத்தகத்தில் 1974 என்று போட்டிருந்தால், அது முதல் பதிப்பு என்று நம்புவது இயல்புதான். ஆனால் காசு கொடுப்பது நாம். ஆகவே இந்தப் பொழுதுபோக்கின் ஒரே பெரிய விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி எந்தப் புத்தகத்தையும் வாங்காதீர்கள். காப்பிரைட் பக்கம், புத்தகத்துக்குள் இருக்கும் அச்சுக் குறியீடு, மேலுறையில் உள்ள விலை ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி, இந்த மூன்றையும் எப்படி விசாரிப்பது என்பதுதான்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

கிங் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பினால் வீட்டில் இடமும் இருக்காது, கையில் காசும் இருக்காது. அதோடு 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் புத்தகங்களின் முதல் அச்சே லட்சக்கணக்கில் ஓடியது. 1998-க்குப் பிறகு ஸ்க்ரிப்னர் வெளியிட்டவற்றின் முதல் அச்சு, பழைய புத்தகக் கடைகளில் சாதாரண விலைக்கே கிடைக்கும். படிக்க வாங்கலாம். அரிய பொருள் என்று பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த எல்லைகள் இரண்டு. ஒன்று, டபுள்டே வெளியிட்ட முதல் ஐந்து: ‘கேரி’ (1974), ‘சேலம்ஸ் லாட்’ (1975), ‘தி ஷைனிங்’ (1977), ‘நைட் ஷிஃப்ட்’ (1978), ‘தி ஸ்டாண்ட்’ (1978). இன்னொன்று, ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் வந்த நான்கு பேப்பர்பேக்குகள். ஒன்பது புத்தகம்தான். ஆனால் இவற்றை ஒழுங்காகச் சேர்ப்பதற்கே பல வருடம் ஆகும். சேர்த்து முடிப்பதற்குள் தொழிலின் நுணுக்கமெல்லாம் கைக்கு வந்துவிடும்.

கையில் அவ்வளவு காசு இல்லையென்றால் ‘டிஃபரன்ட் சீசன்ஸ்’ (வைக்கிங், 1982) நல்ல ஆரம்பம். ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தின் மூலக்கதை இருக்கும் தொகுப்பு. முதல் அச்சு இன்னும் எட்டாக் கனியாகவில்லை. ‘தி கிரீன் மைல்’ 1996 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் ஒன்றாக ஆறு சின்னப் புத்தகங்களாக வந்தது. அந்த ஆறின் முதல் அச்சையும் ஒரு செட்டாகச் சேர்ப்பது செலவில்லாத நல்ல பயிற்சி.

படி 2: காப்பிரைட் பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேகரிப்பாளர்கள் முதல் பதிப்பு என்று சொல்வது முதல் பதிப்பின் முதல் அச்சை மட்டும்தான். அதே ஆண்டில், அதே அட்டையோடு வந்த இரண்டாம் அச்சுக்கு மதிப்பு பெரிதாக இறங்கிவிடும்.

இதைக் காட்டும் முறை பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். எழுபதுகளின் டபுள்டே, முதல் அச்சில் காப்பிரைட் பக்கத்தில் ‘முதல் பதிப்பு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டது. அடுத்த அச்சில் அந்த வரியை எடுத்துவிடும். வைக்கிங், ‘தி டெட் ஸோன்’ (1979) காலத்தில், இந்த ஆண்டில் வைக்கிங் முதலில் வெளியிட்டது என்று ஒரு வரி போடும். மறு அச்சானால் அதற்கான குறிப்பைக் கூடச் சேர்க்கும். ஆகவே அங்கே கூடுதல் குறிப்பு எதுவும் இல்லாமலிருப்பதுதான் நமக்கு வேண்டிய அடையாளம். பிறகு எண் வரிசை வந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை ஏதோ ஒரு ஒழுங்கில் எண்கள் இருக்கும். வரிசையில் 1 இருந்தால் முதல் அச்சு. மிகச் சிறிய எண் 3 என்றால் மூன்றாம் அச்சு. சிக்னெட் என்ற பதிப்பகத்தின் பேப்பர்பேக்குகளில் எண் வரிசையோடு, முதல் அச்சு எந்த மாதம், எந்த ஆண்டு என்பதும் இருக்கும்.

படி 3: கட்டர் கோடைத் தேடுங்கள்

டபுள்டே புத்தகங்களில் உள்ள சுவாரசியமே இதுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றில், தையலை ஒட்டிய உள்விளிம்பில், ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் பொடியாக அச்சாகியிருக்கும். இதைத்தான் கட்டர் கோட் (gutter code) என்கிறார்கள். வாசகருக்கானது இல்லை, அச்சகத்தின் சொந்தக் கணக்கு. எழுத்து ஆண்டைக் குறிக்கும், எண் அந்த ஆண்டின் வாரத்தைக் குறிக்கும்.

‘கேரி’யில் 199-ஆம் பக்கத்தில் பி6 (P6). பி என்பது 1974, 6 என்பது ஆறாவது வாரம். அதாவது பிப்ரவரியில் அச்சாகி ஏப்ரலில் கடைக்கு வந்தது. ‘சேலம்ஸ் லாட்’டில் 439-ஆம் பக்கத்தில் க்யூ37: 1975-ன் 37-ஆவது வாரம். ‘தி ஷைனிங்’ 1977 ஜனவரியில் வெளியானது, ஆனால் 447-ஆம் பக்கத்தில் இருப்பது ஆர்49. முந்தைய ஆண்டு டிசம்பர் தொடக்கத்திலேயே அச்சாகிவிட்டது. ‘நைட் ஷிஃப்ட்’ 336-ஆம் பக்கத்தில் எஸ்52, ‘தி ஸ்டாண்ட்’ 823-ஆம் பக்கத்தில் டி39 (T39). இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். பழைய புத்தகக் கடையில் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும், விலையும் ஏறிவிடும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தை மேசையில் வைத்து அகல விரிக்காதீர்கள். ஐம்பது வருடப் பசை, ‘தி ஸ்டாண்ட்’ போன்ற தடிமனான புத்தகத்தில் முதுகு சட்டென்று பிளந்துகொள்ளும். கடைசிப் பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து தையலுக்கு மிக நெருக்கமாக இருக்கும், சில பிரதிகளில் பாதி உள்ளே போயிருக்கும். அவசரப்பட்டால் இல்லை என்றே முடிவுகட்டிவிடுவீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டர் கோட் இருந்தாலே முதல் பதிப்பு என்று ஆகிவிடாது. டபுள்டே சந்தாதாரர்களுக்கு மலிவாக அச்சிட்ட புக் கிளப் பிரதிகளிலும் கட்டர் கோட் உண்டு. காப்பிரைட் பக்கத்தில் ‘முதல் பதிப்பு’ வரியும் இருக்க வேண்டும், கட்டர் கோட் எழுத்தும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

படி 4: புக் கிளப் பிரதிகளைக் களையுங்கள்

அன்றைய அமெரிக்காவில் புக் கிளப் என்பது பெரிய வியாபாரம். சந்தா கட்டினால் தபாலில் மலிவாகப் புத்தகம் வரும். டபுள்டே தானே பெரிய புக் கிளப்புகளை நடத்தியதால், கிங்கின் ஆரம்பகால நாவல்கள் கிளப் பதிப்பாக ஏராளமாக அச்சாகின. இன்று ‘முதல் பதிப்பு’ என்ற பெயரில் சுற்றுவதில் பெரும்பகுதி இவைதான். அட்டைப்படம் ஒன்றே, காப்பிரைட் ஆண்டும் ஒன்றே. அதனால்தான் குழப்பம்.

கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்: கிளப் பிரதி கொஞ்சம் குட்டையாக, எடை குறைவாக, தாள் மட்டமாக இருக்கும். மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, கீழ் மூலையில் புக் கிளப் பதிப்பு என்றே போட்டிருக்கும். மேலுறையைக் கழற்றிப் பின்னட்டையின் வலது கீழ் மூலையைத் தடவிப் பார்த்தால் சின்னப் பள்ளமாக ஒரு புள்ளியோ சதுரமோ தட்டுப்படலாம். அதுவும் கிளப் முத்திரைதான்.

இதில் கள்ள வேலையும் உண்டு. கிளப் மேலுறையின் உள்மடிப்பில் மேல் மூலையையும் கீழ் மூலையையும் கத்தரித்துவிட்டு, பரிசாகக் கொடுத்தபோது விலையை வெட்டியிருக்கிறார்கள் என்று கதை சொல்வார்கள். பரிசு கொடுப்பவர் மேல் மூலையை வெட்டுவார், சரி. கீழ் மூலையை எதற்கு வெட்ட வேண்டும்? அப்புறம், நிஜ முதல் பதிப்பு மேலுறையைக் கிளப் புத்தகத்துக்குப் போட்டு விற்பதும் நடக்கும். மேலுறை புத்தகத்தைவிடக் கால் அங்குலம் உயரமாகத் துருத்திக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. நகல் மேலுறைகளும் கிடைக்கின்றன. நேர்மையானவர்கள் அதில் நகல் என்று அச்சிட்டிருப்பார்கள்.

படி 5: ‘சேலம்ஸ் லாட்’ மேலுறையில் பாடம் படியுங்கள்

நவீன அமெரிக்கப் புத்தகச் சேகரிப்பில் மேலுறைக்குத்தான் காசு. மேலுறை இல்லாத ‘கேரி’ முதல் பதிப்பு, மேலுறையோடு இருப்பதன் விலையில் ஒரு சிறு பங்குகூடப் போகாது. தாளால் ஆன ஒரு உறைக்கா இவ்வளவு என்று முதலில் எரிச்சல் வரும். ‘சேலம்ஸ் லாட்’ கதையைக் கேட்டால் காரணம் புரியும்.

இந்த நாவலின் மேலுறை முதலில் 8.95 டாலர் என்ற விலையோடு அச்சானது. புத்தகம் கடைக்குப் போவதற்குள் பதிப்பகம் விலையை 7.95 ஆக்கியது. மறுபடி மேலுறை அடிப்பதற்குப் பதில், உள்மடிப்பின் மேல் மூலையில் இருந்த பழைய விலையை வெட்டி எறிந்துவிட்டு, கீழே 7.95 என்று புதிதாக அச்சிட்டார்கள். அது மட்டுமல்ல. உள்மடிப்புக் கதைச்சுருக்கத்தில் பாதிரியாரின் பெயர் ஃபாதர் கோடி என்று இருந்தது. நாவலில் பாதிரியார் ஃபாதர் கலஹன். கோடி என்பவர் ஊர் டாக்டர். சுருக்கம் எழுதியவர் இரண்டு பாத்திரங்களையும் போட்டுக் குழப்பிவிட்டார். பிறகு வந்த மேலுறையில் கலஹன் என்று திருத்தி, 7.95 விலையை வெட்டாமல் ஒழுங்காக அச்சிட்டார்கள்.

ஆக மூன்று நிலை. 8.95 விலை வெட்டப்படாமல், கோடி என்ற பிழையோடு இருப்பது முதல் நிலை. தப்பித்துப் போனவை கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. கிங் சேகரிப்பில் மிகப் பெரிய பரிசு அதுதான், நம் பட்ஜெட்டில் அதை நினைக்கவே வேண்டாம். மூலை வெட்டப்பட்டு, 7.95 அச்சிடப்பட்டு, கோடி இருப்பது இரண்டாம் நிலை. நாம் தேட வேண்டியது இதை. கலஹன் இருப்பது மூன்றாம் நிலை. வேறு எந்தப் புத்தகத்தில் மூலை வெட்டப்பட்டிருந்தாலும் மதிப்புக் குறையும். இதில் மட்டும் அதுதான் சரியான அடையாளம். ஆனால் மூலை வெட்டியிருந்து, கீழே 7.95 இல்லையென்றால் அது வேறு கதை. விற்பவர் மூலையை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தால், மடிப்பு முழுவதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் மேலுறை விலையைக் குறித்து வையுங்கள்: ‘கேரி’ 5.95, ‘தி ஷைனிங்’கும் ‘நைட் ஷிஃப்ட்’டும் 8.95, ‘தி ஸ்டாண்ட்’ 12.95, ‘பெட் செமட்டரி’ (1983) 15.95. கடைசியில் சொன்னது, டபுள்டேயிடம் முடங்கியிருந்த தன் ராயல்ட்டிப் பணத்தை மீட்பதற்காகக் கிங் கொடுத்த நாவல். கிளப் பிரதிகள் கொட்டிக் கிடப்பதால் இதில் விலையைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

படி 6: பாக்மனைத் தேடுங்கள்

வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் வந்தால் சந்தை தாங்காது என்று அன்றைய பதிப்பகங்கள் நினைத்தன. கிங்கிடம் எழுதி வைத்த நாவல்கள் இருந்தன. ஆகவே சிக்னெட் வழியாக ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் பேப்பர்பேக்காகவே முதலில் வெளியிட்டார்: ‘ரேஜ்’ (1977, 1.50 டாலர்), ‘தி லாங் வாக்’ (1979, 1.95), ‘ரோட்வொர்க்’ (1981, 2.25), ‘தி ரன்னிங் மேன்’ (1982, 2.50). விளம்பரம் இல்லை, பேர் தெரியாத எழுத்தாளர். மருந்துக்கடை, பஸ் நிலைய ஸ்டாண்டுகளில் தொங்கிக் காணாமல் போன புத்தகங்கள்.

இவை ஏன் அரிது என்பதற்குப் பின்னால் ஒரு வியாபார வழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்காத பேப்பர்பேக்கை முழுதாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். முன்னட்டையைக் கிழித்து அதை மட்டும் அனுப்பிக் கணக்கை நேர் செய்துகொண்டு, உடலைக் குப்பையில் போடுவார்கள். அப்படிப் போனவை போக, மீதி படித்துக் கசக்கியவை. முதுகில் மடிப்புக் கோடு இல்லாத ‘ரேஜ்’ என்றால் அதற்குத் தனி மரியாதை.

ரகசியத்தை உடைத்தவர் வாஷிங்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்த ஸ்டீவ் பிரவுன். நடை கிங்குடையது போல இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் காப்பிரைட் ஆவணங்களைப் போய்ப் பார்த்தார். மற்றவற்றில் கிங்கின் ஏஜென்ட் பெயர், ‘ரேஜ்’ பதிவில் மட்டும் கிங்கின் பெயரே இருந்தது. 1985 தொடக்கத்தில் விஷயம் வெளியானது. அதற்குச் சில மாதம் முன்பு, 1984 நவம்பரில், பாக்மன் பெயரில் ‘தின்னர்’ கெட்டி அட்டையில் வந்திருந்தது. பாக்மன் பெயரில் 28,000 விற்ற அது, கிங் என்று தெரிந்ததும் அதைப்போல் பத்து மடங்கு விற்றது. ஆகவே ‘தின்னர்’ வாங்கும்போது மேலுறையில் கிங்கின் பெயர் இருக்கவே கூடாது. விலை 12.95. பின்பக்கம் ஆசிரியர் என்று சிரிப்பவர் கிங் இல்லை, ஏஜென்டின் நண்பர்.

‘ரேஜ்’ பற்றி இன்னொன்று. துப்பாக்கியோடு வகுப்பறையைப் பிடித்து வைக்கும் மாணவனின் கதை அது. அமெரிக்கப் பள்ளிகளில் நிஜத் துப்பாக்கிச் சூடுகள் நடந்து, அவற்றில் சில மாணவர்களிடம் இந்தப் புத்தகம் இருந்தது தெரியவந்த பிறகு, 1990களின் இறுதியில் கிங்கே இதை மறு அச்சிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அதனால் தனிப்புத்தகமாகவோ, நான்கையும் சேர்த்து 1985-ல் வந்த ‘தி பாக்மன் புக்ஸ்’ தொகுப்பின் பழைய அச்சுகளிலோதான் கிடைக்கும். கதையைப் படிக்க வேண்டும் என்பவருக்கு அந்தத் தொகுப்பே போதும்.

சிக்னெட் பக்கம் வந்துவிட்டால் இன்னும் இரண்டைப் பார்த்து வையுங்கள். ‘கேரி’யின் 1975 பேப்பர்பேக் முதல் அச்சிலும், ‘சேலம்ஸ் லாட்’டின் 1976 பேப்பர்பேக் முதல் அச்சிலும் முன்னட்டையில் தலைப்பும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. இதில் ‘சேலம்ஸ் லாட்’, முழுக் கறுப்பு அட்டையில் புடைத்தெழும் ஒரு முகம், உதட்டோரம் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம். கெட்டி அட்டைக்குக் காசு இல்லாதவருக்கு இதைவிட அழகான கிங் கிடையாது என்பேன். நம் ஊர் நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் கிங் பெரும்பாலும் பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகள்தான். ஆனாலும் சிக்னெட் கண்ணில் பட்டால் புரட்டிப் பார்க்காமல் நகராதீர்கள்.

படி 7: சிறு பதிப்பகங்கள்

1982-ல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த டொனால்ட் எம். கிரான்ட் என்ற சிறு பதிப்பகம் ‘தி கன்ஸ்லிங்கர்’ நாவலை மைக்கேல் வீலன் ஓவியங்களோடு வெளியிட்டது. சாதாரணப் பிரதிகள் 10,000, கையெழுத்திட்டவை 500. கிங்கின் வாசகர்கள் பலருக்கு இது வந்ததே தெரியாது. மறு வருடம் ‘பெட் செமட்டரி’யின் முன்பக்கத்தில் ஆசிரியரின் மற்ற நூல்கள் பட்டியலில் இதைப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கடிதங்கள் குவிந்தன. 1984-ல் இன்னொரு 10,000 அடித்தார்கள். இரண்டாம் பதிப்பு என்று காப்பிரைட் பக்கத்திலேயே போட்டிருக்கும். 2003-ல் கிங் இந்த நாவலைத் திருத்தி எழுதினார். ஆகவே பழைய பிரதியை வைத்திருப்பதில் படிப்பவருக்கும் லாபம் உண்டு.

‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ நாவலுக்கு 1980-ல் மிச்சிகனின் ஃபான்டேஸியா பிரஸ் 725 எண்ணிட்ட பிரதிகளையும், எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்திட்ட 26 பிரதிகளையும் வெளியிட்டது. தீ மூட்டும் சிறுமியின் கதை என்பதால் அந்த 26-க்கும் தீப்பிடிக்காத கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) துணியில் அட்டை! 1953-ல், புத்தகங்களை எரிக்கும் கதையான ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலுக்கும் 200 பிரதிகளை இப்படிக் கல்நாரில் கட்டியிருந்தார்கள். நுரையீரலைக் கெடுக்கும் பொருள் அது. காசு இருந்தாலும் படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கிங்கின் சொந்தப் பதிப்பகமான ஃபில்ட்ரம் பிரஸ் ‘தி ஐஸ் ஆஃப் தி டிராகன்’ நாவலை 1984-ல் 1,250 பிரதிகள் மட்டும் அச்சிட்டது. கறுப்பு மையில் எண்ணிட்ட 1,000 விற்பனைக்கு, சிவப்பு மையில் எண்ணிட்ட 250 நண்பர்களுக்கு. 1990-ல் விரிவாக்கிய ‘தி ஸ்டாண்ட்’டுக்கு மரப்பெட்டியோடு 1,250 எண்ணிட்ட பிரதிகள் வந்தன. சேகரிப்பாளர்கள் அதைச் சவப்பெட்டிப் பதிப்பு என்பார்கள். இன்றைக்கும் பல பதிப்பகங்கள் கிங்குக்கு ஆடம்பரப் பதிப்பு போடுகின்றன. அழகாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சேகரிப்பதற்கென்றே செய்த பொருளை எல்லாரும் உறை பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். எனக்கு 1.50 டாலர் ‘ரேஜ்’தான் மேல்.

படி 8: நிலையை மதிப்பிடுவது

விற்பனைக் குறிப்பில் ஃபைன் என்றால் புதிது மாதிரி. நியர் ஃபைன், வெரி குட் வரை வாங்கலாம். வெறும் குட் என்று இருந்தால் அடிவாங்கிய பிரதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு வெயிலில் வெளுத்திருக்கிறதா, புத்தகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, மேலுறையின் நுனிகள் கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாள்களின் கீழ்விளிம்பில் மார்க்கர் கோடு இருந்தால் தள்ளுபடியில் தள்ளிவிட்ட பிரதி. நூலக முத்திரை குத்திய பிரதிகள் நிறைய வரும், விலை பாதிக்கும் கீழே இருக்கும். முதல் பிரதியாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், விற்பது கடினம்.

படி 9: கையெழுத்து

கிங்கின் கையெழுத்துக்குப் போலிகள் ஏராளம். சான்றிதழோடு வருகிறது என்பது எனக்கு எந்த நம்பிக்கையையும் தருவதில்லை. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழை அச்சிடவா தெரியாது? கையெழுத்து வேண்டுமென்றால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு எண்ணிட்ட வரையறைப் பதிப்புகளை வாங்குங்கள். பதிப்பகமே கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும். எண்ணும் அங்கேயே இருக்கும்.

படி 10: வாங்குவது

ஏப்புக்ஸ், பிப்லியோ, ஈபே மூன்றிலும் தேடலாம். வியாலிப்ரி பல தளங்களை ஒரே இடத்தில் தேடிக் காட்டும். விலையை முடிவு செய்யும்போது, கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஒரே பிரதி ஐந்து வருடமாக அதே விலையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது, ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் பழைய ஏல முடிவுகளையும் பார்க்கலாம். விலை உயர்ந்த தலைப்புகளுக்கு அமெரிக்கப் பழம்புத்தக விற்பனையாளர் சங்க உறுப்பினர்களிடம் போவது நல்லது. கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் விவரம் தவறாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

காசு அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய படங்கள்: காப்பிரைட் பக்கம், கட்டர் கோட், உள்மடிப்பு மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, மேலுறை இல்லாமல் பின்னட்டை, முதுகு, கீழ்விளிம்பு. தர மறுப்பவரிடம் வாதாட வேண்டாம், அடுத்தவரைப் பாருங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பதென்றால் அனுப்பும் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீத வரி வந்தது. இப்போதைய நிலவரத்தைக் கூரியர்காரரிடமே கேட்டுவிடுங்கள். பார்சலில் மூலைகள் நசுங்குவதுதான் பெரிய ஆபத்து. பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள், அதற்கு ஐந்தாறு டாலர் கூடக் கொடுக்கலாம்.

படி 11: வைத்துக் காப்பது

வந்தவுடன் மேலுறைக்கு மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை போடுங்கள். செலோடேப் மேலுறையில் எங்கும் படக் கூடாது. கிழிசலையும் டேப்பால் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கிவிடும். புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் கட்டி வைப்பது நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக்கு விருந்து. கண்ணாடி அலமாரியில், வெளிச்சுவரை ஒட்டாமல், நேரடி வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நெருக்கித் திணித்தால் இழுக்கும்போது முதுகின் மேல்நுனிதான் முதலில் கிழியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் மாற்றுங்கள். பூச்சி உருண்டை புத்தகத்தைத் தொட வேண்டாம். மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டினால் வெள்ளிப்பூச்சி தங்காது.

கடைசியாக ஒரு நோட்டு போடுங்கள். தலைப்பு, கோட், மேலுறை விலை, வாங்கிய தேதி, கொடுத்த தொகை, விற்றவர், குறைகள். ரசீதையும் விற்பனையாளர் அனுப்பிய படங்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு விற்க வேண்டி வந்தால், அடுத்தவர் உங்களிடம் கேட்கப்போவதும் இதே கேள்விகளைத்தான்.